டிடி வேறு, டிடாப் வேறு: முப்பத்துமூன்றாவது வாரத்தில் போட்டு முடித்த ஊசி

"டிடி ரெண்டும் போட்டாச்சும்மா, இனி உனக்கு ஊசி இல்லை" என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னபோது நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிந்து அரசு தரும் எண்), ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்திருந்தன. அப்போது எனக்குக் கர்ப்பத்தின் இருபத்தொன்பதாவது வாரம். சாயங்காலம் மதினி போன் பண்ணி, "கக்குவானுக்குப் போட்டியா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய மூத்தவன் பிறந்து முப்பத்தைந்தாம் நாள் கக்குவான் இருமல் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிள்ளை பெரிதாக இருமக்கூட இல்லை. திடீர் திடீரென்று மூச்சு நின்று உதடு நீலம் பாரித்துவிடும். வீட்டில் பெரியவர் ஒருவருக்கு ஒரு மாதமாக இருந்த வறட்டு இருமலை யாரும் பொருட்படுத்தியிருக்கவில்லை. குழந்தைக்கு, கக்குவானுக்கும் சேர்த்துப் போடும் முதல் பென்டாவேலன்ட் ஊசியே ஆறாவது வாரம்தான். அதுவரைக்கும் அதற்குத் துணை, வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து போய்ச் சேரும் எதிர்ப்புச் சக்தி மட்டுமே.

அரசு போடும் டிடியில் (Td) இருப்பது ரணஜன்னிக்கும் (டெட்டனஸ்) தொண்டை அடைப்பானுக்கும் உள்ள தடுப்பு மருந்து. இந்த இரண்டோடு கக்குவானுக்கும் சேர்த்துள்ளது டிடாப் (Tdap). அதைத் தனியாரிடம்தான் காசு கொடுத்துப் போட வேண்டும், 27 முதல் 36 வாரத்துக்குள். போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி ஊறிக் குழந்தைக்குப் போய்ச் சேர இரண்டு வாரமாவது வேண்டும். அதனால் கடைசி வாரம்வரை தள்ளிப்போட முடியாது.

மறுநாளே எங்கள் ஊர்த் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். நர்ஸ் என் அட்டையைப் பார்த்துவிட்டு, "அதான் டிடி போட்டிருக்கே, ரெண்டும் ஒண்ணுதான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். டாக்டரைப் பார்க்கவே விடவில்லை. அந்தப் பேச்சை நம்பி ஒரு வாரம் சும்மா இருந்தேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மதினி விடவில்லை. திருநெல்வேலியில் அவர் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். இரண்டே நிமிடம். "ரெண்டும் ஒண்ணு இல்ல. முதல்லயே வந்திருந்தா ரெண்டாவது டிடிக்குப் பதிலா இதையே போட்டிருக்கலாம். பரவால்ல, இப்பவும் போடலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாகப் போட வேண்டும் என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அங்கே அன்றைக்கு ஊசி மருந்து இருப்பு இல்லை, வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். நான்கு கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. ஐந்தாவது கடையில் "நாளைக்கு வந்துரும்" என்றார்கள். அந்த நாளை வர ஆறு நாள் ஆயிற்று. வந்ததும் என் வீட்டுக்காரர் போய் வாங்கினார், ஆயிரத்துக்கு மேல் விலை. கடைக்காரர் சாதாரண பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். மே மாத வெயில், பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரியில் சிஸ்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்ததுமே, "இதை நான் போட மாட்டேன்மா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடையில் பணத்தையும் திருப்பித் தரவில்லை. ஆனால் அந்த சிஸ்டர் செய்ததுதான் சரி. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது.

போகப்போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஆஸ்பத்திரியே வரவழைத்து வைக்குமா என்று இருபத்தைந்தாவது வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். வெளியேதான் வாங்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கடையில் வாங்குங்கள், ஐஸ் பேக் வைத்த டப்பா கொண்டு போங்கள். ஊசிப் பெட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். ஐஸில் நேராகப் பட்டு உறைந்து போனாலும் மருந்து கெட்டுவிடும், இதைப் பலரும் சொல்வதில்லை. வாய்வார்த்தையாகக் கேட்காமல் டாக்டர் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். டிடி என்று காதில் விழுந்தாலே போதும், அதை எடுத்து நீட்டிவிடுகிறார்கள்.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலேயே சொல்லி வைத்து, முப்பத்துமூன்றாவது வாரம் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் கை வலி, அவ்வளவுதான். மருந்துப் பெட்டியில் இருந்த பேட்ச் நம்பரையும் தேதியையும் தாய்சேய் அட்டையில் கேட்டு எழுதி வாங்கினேன்.

மகள் பிறந்து இன்றைக்கு இருபத்துமூன்று நாள். ஆறாவது வாரத்து புதன்கிழமையைக் காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறேன். அதுவரை இருமலோடு யார் வந்தாலும் திண்ணையோடு பேசி அனுப்பிவிடுகிறார் என் மாமியார்.