சுடப்பட்ட நான்கு அதிபர்களும் என் கிட்டாரும்

அமெரிக்க அதிபர்களைப் பற்றிய பாட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. தேர்தலுக்காக எழுதியவை, திட்டி எழுதியவை, செத்த பிறகு அழுது எழுதியவை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாசித்துப் பார்த்துவிட்டு, பதவியில் இருக்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்ட நால்வரின் பாட்டுகளை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். லிங்கன் 1865, கார்ஃபீல்ட் 1881, மெக்கின்லி 1901, கென்னடி 1963. என்னிடம் இருப்பது சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார், கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் ஒரு கேப்போ, போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம். இந்தப் பாட்டுகளில் பாதி பான்ஜோ என்ற கம்பி வாத்தியத்தில் வளர்ந்தவை. அவற்றைக் கிட்டாருக்குக் கொண்டுவருவதில்தான் அதிக நேரம் போனது.

முதலில் தொட்டது தேர்தல் பாட்டுகளைத்தான். 1840 தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்காக ஒஹையோக்காரர் அலெக்சாண்டர் காஃப்மன் ராஸ் எழுதிய ‘டிப்பிகனூ அண்ட் டைலர் டூ’ பெரிய வெற்றி பெற்ற பாட்டு. டிப்பிகனூ என்பது ஹாரிசன் 1811-ல் போரிட்ட இடம், டைலர் துணை அதிபர் வேட்பாளர். ஜெயித்த ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோனார், பாட்டு மட்டும் நின்றுவிட்டது. லிங்கனுக்கு 1860-ல் பாடிய ‘லிங்கன் அண்ட் லிபர்டி’க்கு ‘ரோசின் தி போ’ என்ற பழைய குடிப்பாட்டின் மெட்டு. அதே மெட்டில் அதற்கு முன்பே ஹென்றி கிளே என்ற அதிபர் வேட்பாளருக்கும் ஓட்டு கேட்டிருக்கிறார்கள். மெட்டு அருமையானது, விரல்கள் தானாக ஓடும். ஆனால் சொற்களில் வேட்பாளரின் பெயரும் ஊரும் புகழும்தான். பத்துப் பேர் கூடிக் கத்திப் பாட அது போதும். தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது இரண்டாவது சரணத்துக்கு மேல் பாடுகிறவருக்கு அதில் வேலை இல்லை. கொலைப் பாட்டுகள் அப்படியில்லை. அவற்றில் கதை நடக்கிறது, ஒவ்வொரு சரணத்திலும் யாராவது வருகிறார்கள், பேசுகிறார்கள்.

என்னை அதிகம் பிடித்து வைத்தது மெக்கின்லி பாட்டுதான். ‘வைட் ஹவுஸ் ப்ளூஸ்’. சார்லி பூல் தன் நார்த் கரோலைனா ராம்ப்ளர்ஸ் குழுவோடு 1926-ல் பதிவு செய்தது. பூல் பஞ்சாலைத் தொழிலாளி. பேஸ்பால் பந்தை வெறும் கையால் பிடிப்பேன் என்று பந்தயம் கட்டிப் பிடிக்கப்போய் கை உடைந்து, விரல்கள் வளைந்தபடியே நின்றுவிட்டன என்றும், அந்தக் கையோடுதான் மூன்று விரல் பான்ஜோ வாசிப்பைப் பழகிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். 1931-ல் இறந்துவிட்டார். 1952-ல் ஹாரி ஸ்மித் தொகுத்த அமெரிக்க நாட்டுப்புறப் பாடல் தொகுப்பில் இந்தப் பாட்டும் இடம்பெற்றது. அங்கிருந்துதான் அடுத்த தலைமுறை இதைக் கற்றுக்கொண்டது.

நடந்தது இதுதான். 1901 செப்டம்பர் 6, பஃபலோ நகரில் பான் அமெரிக்கன் கண்காட்சி. இசை மண்டபத்தில் மெக்கின்லி வரிசையில் வந்தவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார். லியோன் சோல்கோஷ் என்ற அராஜகவாதி, கைக்குட்டைக்குள் மறைத்து வைத்திருந்த துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு வயிற்றுக்குள் போனது. கண்காட்சி முழுக்க நயாகரா மின்சாரத்தில் ஜொலித்துக்கொண்டிருக்க, அறுவை சிகிச்சை நடந்த அறையில் போதுமான வெளிச்சம் இல்லை. குண்டை மருத்துவர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதே கண்காட்சியில் எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று இருந்தது, அதை யாரும் பயன்படுத்தவில்லை. முதலில் தேறுகிறார் என்றார்கள், காயம் உள்ளே அழுகிப்போய் 14-ம் தேதி இறந்தார்.

பாட்டு இதையெல்லாம் வேகமாகத் தாண்டிப் போகிறது. குண்டு கிடைக்கவில்லை என்று மருத்துவர் சொல்வது ஒரு சரணம். சுட்டவனைப் பார்த்து மனைவி திட்டுவது ஒரு சரணம், அதில் துப்பாக்கியின் கம்பெனிப் பெயர்கூட வருகிறது. ஐவர் ஜான்சன். அது சரியான தகவல். அழாதீர்கள், அப்பா செத்தால் பென்ஷன் வரும் என்று குழந்தைகளைத் தேற்றுவது இன்னொன்று. பிறகு துணை அதிபராக இருந்து பதவிக்கு வந்த தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் வெள்ளிக் கோப்பையில் குடிக்கிறார், மெக்கின்லி கல்லறையில் எழுந்திருக்காமல் கிடக்கிறார். ரயிலை முந்தச் சொல்லி ஒரு குதிரையை விரட்டும் இடமும் உண்டு. நிஜத்தில் அந்த இரவு குதிரை வண்டியில் விரைந்தவர் ரூஸ்வெல்ட்தான். மலையேறப் போயிருந்த அவர் செய்தி கிடைத்ததும் இருட்டில் மலைப்பாதையில் வண்டியை விரட்டிக்கொண்டு நார்த் க்ரீக் ரயில் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

நான் ஜி கார்டில் வைத்து, கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டில் போட்டு வாசிக்கிறேன். ஜி, சி, டி என்று மூன்றே கார்டுகள். கட்டைவிரல் ஆறாவது கம்பிக்கும் நான்காவது கம்பிக்கும் மாறி மாறிப் போகும், இடையில் மற்ற விரல்கள் மேல் கம்பிகளைத் தட்டும். ரயில் ஓடும் சத்தம் அதிலேயே வந்துவிடுகிறது. இதில் கஷ்டம் கார்டு மாற்றத்தில் இல்லை, சரணத்தின் அளவில் இருக்கிறது. எதுகையோடு இரண்டு நீண்ட அடிகள், அப்புறம் ‘பஃபலோவிலிருந்து வாஷிங்டனுக்கு’ என்பது போல வெடுக்கென்று ஒரு குட்டி அடி. அந்தக் குட்டி அடி முடிவதற்குள் டி-யைத் தொட்டு ஜி-க்குத் திரும்பிவிட வேண்டும். மூச்சை இரண்டாவது அடியின் கடைசியில் இழுத்துக்கொண்டால்தான் அது நடக்கிறது. மெட்ரோனோமை 80-ல் வைத்து மெதுவாகப் பழகியபோது பாட்டு ஒப்பாரியாக இழுத்தது, சொற்கள் தொங்கின. வேகத்தைக் கூட்டிய பிறகுதான் நிமிர்ந்தது. இது துக்கப் பாட்டே இல்லை. ஒருவர் போய் இன்னொருவர் அந்த வீட்டுக்குக் குடிவந்ததை, இருபத்தைந்து வருடம் கழித்து, அந்த வீட்டுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஓர் ஆலைத் தொழிலாளி பாடுகிற பாட்டு. குரலில் சோகத்தை ஏற்றினால் கெட்டுவிடும். செய்தி சொல்கிற மாதிரி நேராகப் பாட வேண்டும். பில் மன்றோ 1954-ல் இதையே ப்ளூகிராஸ் என்ற வேகமான நாட்டுப்புற பாணியில் பறக்கவிட்டிருக்கிறார். அது என் வலது கைக்கு எட்டுகிற வேகம் இல்லை, பூலின் வேகமே எனக்குப் போதும்.

அடுத்து கார்ஃபீல்ட். 1881 ஜூலை 2, வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ சுட்டான். பாரிஸில் தூதரகப் பதவி கேட்டு அலைந்து கிடைக்காமல் போனவன். கார்ஃபீல்ட் உடனே சாகவில்லை. மருத்துவர்கள் கழுவாத விரல்களால் காயத்தைக் குடைந்து குண்டைத் தேடினார்கள். டெலிபோன் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு வந்தும் பலிக்கவில்லை. செப்டம்பர் 19-ல் உயிர் போனது. கெல்லி ஹாரெல் 1927-ல் பதிவு செய்த ‘சார்லஸ் கிட்டோ’ பாட்டில் இந்த மருத்துவக் கூத்து எதுவும் இல்லை. அது முழுக்கக் கொலையாளியே தன் வாயால் பாடுவது. இரக்கமுள்ளவர்களே வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டு ஆரம்பிக்கிறது. பெயரை மறைக்க மாட்டேன் என்கிறான், பைத்தியமாக நடித்துப் பார்த்தேன் என்கிறான், வயதான பெற்றோரை நினைக்கிறான், தூக்குமேடைக்குப் போகிறான்.

நம் ஊர் கொலைச்சிந்துப் புத்தகம் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே புரியும். சந்தையிலும் ரயிலிலும் பாடிப் பாடி விற்ற அந்த மலிவுப் பதிப்புகளும் இப்படித்தான். ஊரைக் கூப்பிடுவது, நடந்ததைச் சொல்வது, கடைசியில் புத்தி சொல்வது.

ஆனால் நிஜமான கிட்டோ கடைசிவரை வருந்தவில்லை. கடவுள் சொல்லித்தான் செய்தேன் என்றான். 1882 ஜூன் 30-ல் தூக்குமேடையில் நின்று தானே எழுதிய ஒரு கவிதையைப் படித்தான். அப்படியானால் பாட்டில் வரும் அழுகை எங்கிருந்து வந்தது? 1858-ல் நியூயார்க்கில் தூக்கிலிடப்பட்ட ஜேம்ஸ் ராட்ஜர்ஸ் என்பவனைப் பற்றி ஒரு பழைய பாட்டு உண்டு. அதைத்தான் பெயரையும் விவரத்தையும் மாற்றி கிட்டோவுக்குப் போட்டுவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னொருவனுடையது! இது தெரிந்த பிறகு பாட்டைப் பாடும் விதமே எனக்கு மாறிவிட்டது. முன்பு கிட்டோவை மனதில் வைத்துக் கோணலான குரலில் பாடிப் பார்த்தேன், ஒட்டவில்லை. இப்போது அவனை மறந்துவிட்டு, தூக்குக்குப் போகிற ஏதோ ஒரு பையனாகப் பாடுகிறேன். பெற்றோர் பற்றிய வரியில் கார்டை அடிக்காமல் ஒற்றைக் கம்பியில் மட்டும் விடுகிறேன். அந்த இடம் நன்றாக வருகிறது.

கார்ஃபீல்டுக்கு இன்னொரு பாட்டும் இருக்கிறது, ‘மிஸ்டர் கார்ஃபீல்ட்’. ஜானி கேஷ் 1965-ல் பாடியதைத்தான் பலர் கேட்டிருப்பார்கள். நான் கற்றது அதற்கு முந்தைய பாஸ்கம் லமார் லன்ஸ்ஃபோர்டின் வடிவத்தை வைத்து. வட கரோலைனா மலைப்பகுதியைச் சேர்ந்த வக்கீல் அவர். ஆஷ்வில் நகரில் 1928-ல் தொடங்கிய நாட்டுப்புற விழாவுக்குப் பின்னால் இருந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவர் குரலில் அதிபர் கொலைப் பாட்டுகளைப் பதிவு செய்து தனி இசைத்தட்டாகவே வெளியிட்டது. லிங்கன், கார்ஃபீல்ட், மெக்கின்லி மூவரும் அதில் உண்டு. அதே தட்டில் லெர்னட் ஹேண்ட் என்ற புகழ்பெற்ற நீதிபதியும் சிறுவயதில் கேட்ட போர்ப் பாட்டுகளைப் பாடியிருக்கிறார். நீதிபதியின் குரலில் நாட்டுப்பாட்டு கேட்பது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

‘மிஸ்டர் கார்ஃபீல்ட்’ பாதி பேச்சு, பாதி பாட்டு. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஓட்டம் பழக்கமானது. துப்பாக்கிச் சத்தம் கேட்டதாகச் சொல்லிக் கதையை இழுத்துக்கொண்டு போய், படுக்கைக்கு வருகிறது பாட்டு. நீங்கள் போய்விட்டால் நான் மறுமணம் செய்துகொள்ளலாமா என்று மனைவி கேட்கிறாள். கிடைக்கிற வாய்ப்பை ஒருபோதும் நழுவவிடாதே என்கிறார் அதிபர். சாகக் கிடக்கிறவர் இவ்வளவு பெரிய மனதோடு பேசுகிற இன்னொரு பாட்டை நான் கேட்டதில்லை. பேசும்போது வலது கை நிற்கக் கூடாது, ஒரே கார்டில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சின் வேகத்துக்குக் கை ஓடிவிடாமல் பிடித்து வைப்பதுதான் இதில் முழுப் பயிற்சி.

லிங்கன் பாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. லன்ஸ்ஃபோர்டின் ‘பூத் கில்ட் லிங்கன்’ சுத்தமான செய்தி அறிக்கை. நடிகன் பூத் வாஷிங்டன் வந்தான், ஃபோர்ட் நாடக அரங்கில் கூட்டம், ஏப்ரல் மாதம், லிங்கன் நாடகம் பார்க்க வந்தார், சுட்டான். மெட்டு எளிது, சீக்கிரம் கைவந்தது. ஆனால் உள்ளே பேச்சு கடைசிப் பகுதியில் கொஞ்சம்தான். மெக்கின்லி பாட்டில் ஒரு வரி பேசும் மருத்துவருக்கு இருக்கும் உயிர்கூட இதில் லிங்கனுக்கு இல்லை.

கடைசியாக கென்னடி. ‘ஏப்ரஹாம், மார்ட்டின் அண்ட் ஜான்’. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு டிக் ஹாலர் எழுதி, டியோன் பாடி, அந்த ஆண்டே பில்போர்ட் பட்டியலில் 4-ம் இடம் வரை போன பாட்டு. லிங்கனில் தொடங்கி, ஜான், மார்ட்டின் என்று சரணத்துக்கு ஒருவராகத் தேடுகிறது. தலைப்பில் இல்லாத பாபி, அதாவது ராபர்ட் கென்னடி, கடைசிச் சரணத்தில் வருகிறார். சரணங்களில் சொற்கள் ஏறக்குறைய ஒன்றேதான், பெயர் மட்டும் மாறுகிறது. டியோன் பதிவில் ஹார்ப்பும் மற்ற வாத்தியங்களும் அந்த வெற்றிடத்தை நிரப்பிவிடும். ஒற்றைக் கிட்டாரில் மூன்றாவது சரணம் வரும்போது கேட்பவருக்கு அடுத்து வருவது தெரிந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு சரணத்திலும் ஏதாவது ஒன்றைக் கழிக்கிறேன். லிங்கனுக்கு முழுப் பிக்கிங், ஜானுக்குக் கீழ்க் கம்பிகள் இல்லை, மார்ட்டினுக்கு இரண்டு கம்பிகள் மட்டும். நடுவில் மெட்டு மேலே ஏறும் இடத்தில் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து, பாபிக்கு மறுபடியும் குறைக்கிறேன். இது மாம்ஸ் மேப்லியின் பதிவைக் கேட்டு வந்த யோசனை. எழுபதைத் தாண்டிய நகைச்சுவைக் கலைஞர் அவர். ஒரு சிரிப்பும் இல்லாமல், கிட்டத்தட்டப் பேச்சாகவே பாடியிருக்கிறார். மார்வின் கேயின் அழகான பதிவைவிட எனக்கு அதுதான் மனதுக்கு நெருக்கம்.

கென்னடியைப் பற்றி பாப் டிலன் 2020-ல் வெளியிட்ட ‘மர்டர் மோஸ்ட் ஃபவுல்’ கிட்டத்தட்ட பதினேழு நிமிடம். அதைக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது எட்டிப் பார்ப்பது ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் பாட்டு. அவர் சுடப்பட்டவர் அல்ல, 1945 ஏப்ரல் 12-ல் ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் தன் உருவப்படத்துக்கு உட்கார்ந்திருந்தபோது சரிந்தவர். ஓடிஸ் ஜாக்சன் எழுதிய ‘டெல் மீ வை யூ லைக் ரூஸ்வெல்ட்’ அந்த ஓவியரையும் தூரிகையையும்கூடப் பாட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. கருப்பின மக்கள் அவரை ஏன் விரும்பினார்கள் என்று காரணம் காரணமாக அடுக்கும் காஸ்பல் பாட்டு, அதாவது கிறிஸ்தவ பக்திப் பாட்டு பாணி. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பாட வேண்டும். கிட்டார் பகுதி தயார். பின்குரல் பாட இரண்டு நண்பர்கள் சம்மதித்திருக்கிறார்கள். அடிக்குரலுக்கு ஓர் ஆள் கிடைத்ததும் ஆரம்பித்துவிடுவோம்.