வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறீர்கள்?

"வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று மருந்துக்கடையில் கேட்டால், ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் யாரும் ஆமாம் என்று சொல்வதில்லை. மருந்தாளுநர் படிப்பில் சொல்லிக்கொடுத்த கேள்வி அது. பரீட்சைக்கு நல்லது, கடைக்கு உதவாது. கஷாயத்தை இங்கே யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. லேகியத்தையும் சேர்ப்பதில்லை. துபாயிலிருந்து மகன் அனுப்பிய கருஞ்சீரக எண்ணெய் என்றால் அது பாசம், அதைப் போய் மருந்து என்று சொல்லலாமா? அதனால் நான் வேறு மாதிரி கேட்கத் தொடங்கினேன். காலையில் வெறும் வயிற்றில் என்ன குடிக்கிறீர்கள்? படுக்கப் போகும்போது? சபுராளி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் யாராவது வந்தார்களா, என்ன கொண்டு வந்தார்கள்? இப்படிக் கேட்டால்தான் பை திறக்கும்.

என்னை இந்தக் கேள்விகளுக்குப் பழக்கியவர், எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உம்மா ஒருவர். பல வருடமாக ஒரே பிரஷர் மாத்திரையில் இருந்தவர். திடீரென்று சீட்டில் மாத்திரை இரண்டானது, பிறகு மூன்றானது. மூன்றாவது, சிறுநீரைப் பெருக்கி நீரை வெளியேற்றும் மாத்திரை. அப்படியும் கணுக்கால் வீக்கம் வடியவில்லை. கல்லாவுக்கு முன்னால் கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, உப்பைக் குறைத்துவிட்டேன், கருவாட்டை விட்டுவிட்டேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். பேசும்போது கன்னத்தின் ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. பல்வலியா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வாயிலிருந்து எடுத்துக் காட்டினார். நார் நாராகப் பிரிந்த அதிமதுரத் துண்டு. முந்தானை முடிச்சில் இன்னும் நாலைந்து இருந்தன. நாள் முழுக்க ஓதிக்கொடுத்தால் தொண்டை கட்டுகிறது, அதற்காக எந்நேரமும் அடக்கி வைத்திருக்கிறாராம்.

"இது வேர்தானே மகளே?"

வேர்தான். அந்த வேரில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். நீர் மாத்திரையும் தன் பங்குக்குப் பொட்டாசியத்தை இழுத்துக்கொண்டு போகும். பொட்டாசியம் அளவுக்கு மீறிக் குறைந்தால் இதயத்துடிப்பே தாளம் தப்பும். தொண்டை கரகரத்த இரண்டு நாளைக்கு ஒரு துண்டு சுவைத்தால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் கன்னத்திலேயே குடிவைப்பது வேறு. சீட்டின் பின்பக்கம் "தினமும் அதிமதுரம்" என்று எழுதி, டாக்டரிடம் முதலில் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள் என்று அனுப்பினேன். அவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார், பொட்டாசியம் குறைந்திருந்தது. வேரை நிறுத்திய சில வாரங்களில் சீட்டில் மாத்திரையும் குறைந்தது. உம்மாவுக்கு இன்றுவரை என்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. தொண்டை கட்டுவதற்கு நான் ஒன்றும் தரவில்லையே!

எங்கள் கடைக்குள் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது கண்ணாடி அலமாரி. அதில் சுகர் மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ இருக்காது. அவையெல்லாம் உள்ளே இழுப்பறைகளில் அகரவரிசையில் கிடக்கின்றன. முன்வரிசையில் மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், மஞ்சள் கேப்ஸ்யூல், முருங்கை மாத்திரை, அமுக்கராப் பொடி, புரத மாவு டப்பா. காரணம் எளிது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2013ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அரசு உச்சவிலை வைக்கிறது. அதில் சில்லறைக் கடைக்கென்று சேர்ப்பது 16 சதவீதம். உணவுச் சட்டத்தின் கீழ் சத்துப்பொருளாக விற்கப்படும் டப்பாவுக்கு அந்தக் கடிவாளம் இல்லை. இத்தனை டப்பா எடுத்தால் இத்தனை இலவசம் என்று விற்பனைப் பிரதிநிதி வந்து நிற்பார். முதலாளி காக்காவைக் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிரஷர் மாத்திரை விற்றுக் கடை வாடகை கட்ட முடியாது.

ஆனால் டப்பாவைத் திருப்பிப் படிக்கும் வழக்கத்தை யாரும் தடுக்கவில்லை. மீன் எண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் 1000 மில்லிகிராம் என்று இருக்கும். அது எண்ணெயின் எடை. இதயத்துக்கு நல்லது என்று பேசப்படும் ஒமேகா-3 எவ்வளவு என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலான சாதாரணக் கேப்ஸ்யூல்களில் ஒரு வகை 180, இன்னொரு வகை 120, ஆக மொத்தம் 300 மில்லிகிராம். நன்றாகக் கொழுப்பேறிய பருவத்தில் நூறு கிராம் சாளையில் ஒரு கிராமுக்கு மேலேயே இருக்கும். சாளையை ஏலம் போடும் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு, மீனைக் குழம்பு வைக்காமல் மாத்திரையாக விழுங்க வருகிறார்கள். வாடை அடிக்கிறது என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்களாம். கேப்ஸ்யூல் தின்றுவிட்டு ஏப்பம் விட்டால் என்ன வாடை வரும் என்பதை நான் சொல்வதில்லை, தானே தெரிந்துகொள்வார்கள்.

கடற்பாசி விஷயமும் இப்படித்தான். சின்ன ஏர்வாடிப் பக்கத்திலிருந்து பாசி எடுக்கும் அக்காமார் கடைக்கு வருவார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முக்குளித்துப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து எடுப்பவர்கள். மரிக்கொழுந்துப் பாசி அகர் தயாரிக்கப் போகிறது, கட்டக்கோரைப் பாசி ஆல்ஜினேட் தயாரிக்கப் போகிறது; இரண்டும் உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள்கள். இவர்கள் கடையில் வாங்குவது கண் சொட்டு மருந்தும் வெட்டுக்காயத்துக்குக் களிம்பும் வலி மாத்திரையும். ஒரு காலத்தில் மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்து 1971இல் கொச்சிக்குப் போன மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கடற்பாசியிலிருந்து மூட்டுவலிக்கென்று ஒரு சத்துப்பொருளை உருவாக்கியிருக்கிறது. பாசியை வைத்து விற்கும் தனியார் டப்பாக்களும் வருகின்றன. அப்படி ஒன்றின் அட்டையில் இருந்த படத்தை ஒரு அக்கா விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நம் பாசியா?"

"இருக்கலாம் அக்கா."

விலையைக் கேட்டார். சொன்னேன். "பொழுதன்னைக்கும் முக்கினாலும் இதற்குக் காணாதே" என்று வைத்துவிட்டு, வலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போனார். அந்த வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன ஆகும் என்று எச்சரிப்பது என் வேலை. எச்சரித்தேன். முழங்காலோடு மறுநாள் கடலில் இறங்கப் போகிறவர் அவர்தானே.

வலிக்கு மலிவாக வழி தேடுகிறவர்களைக் குறிவைத்து வேறு ஒரு சரக்கு வருகிறது. நாட்டுப்படகில் போகும் தம்பி ஒருவர், வேனில் ஒலிபெருக்கி கட்டி விற்றவரிடம் மூட்டுவலிப் பொடி வாங்கியிருந்தார். பழுப்புத்தாள் பொட்டலம். பெயரில்லை, உரிம எண்ணில்லை, தேதியில்லை. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, நன்றாகப் பசிக்கிறது, உடம்பும் தேறிவிட்டது என்றார். தேறியது உடம்பு அல்ல, முகம். தாடைக்கோடு மறைந்து முழுநிலவாக வீங்கியிருந்தது. கைகால் மட்டும் பழைய ஒல்லி. இரண்டே நாளில் முழங்கால் வலியை விரட்டும் வேர் எந்தக் காட்டிலும் முளைப்பதில்லை. பொடியில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலப்பது இந்த வியாபாரத்தின் பழைய தந்திரம். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கிருமி எதிர்ப்பு குறையும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சந்தேகம் வந்ததும் பொட்டலத்தைக் கடலில் வீசிவிட்டுச் சும்மா இருந்துவிடவும் கூடாது. நாட்பட வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்தால் உடம்பு தான் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே பொட்டலத்தோடு இன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், கையோடு இதைக் காட்டுங்கள் என்றேன். "பச்சிலைக்குப் போய் பெரியாஸ்பத்திரியா அக்கா?" என்று கேட்டார். அவர் மனைவிதான் கையைப் பிடித்து பஸ் ஏற்றினார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவள் ஆங்கில மருந்துக்காரி, நாட்டு மருந்தைப் பழிக்கிறாள் என்று முடிவுகட்ட வேண்டாம். அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்கு நானே ஆள் அனுப்புகிறவள். நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு உண்டு என்பது எனக்கு மனப்பாடம். முறையான சித்த மருந்தின் அட்டையில் உற்பத்தி உரிம எண்ணும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். தவறினால் யாரைக் கேட்பது என்று தெரியும். எனக்குச் சண்டை, இரண்டுங்கெட்டான் டப்பாக்களோடுதான். பக்கவாட்டில் 14 இலக்க உணவு உரிம எண், அதன் கீழே "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்ற வரி; விளம்பரத்திலோ சர்க்கரை நோயை அடியோடு ஒழிக்கும் என்ற வாக்குறுதி. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954இலேயே சட்டம் போட்டாயிற்று. சட்டத்துக்கு என் வயதைவிட மூப்பு.

சபுராளிப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர் முழுமையடையாது. கோடாலித் தைலமும் பேரீச்சையும் வரும் பெட்டியில் இப்போது ஆண்களுக்கான மூலிகைக் காப்பியும் வருகிறது. இப்படிப்பட்ட காப்பிகள் பலவற்றில் ஆண்மைக் குறைவுக்கான சில்டனாஃபில் மருந்து சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். இதை ஒரு பெண் ஒரு பெரியவரிடம் எப்படிக் கேட்பது? நான் நேரடியாகக் கேட்பதில்லை. அந்த நாக்கு மாத்திரை வாங்க வரும் எல்லா ஆண்களிடமும், வெளிநாட்டுக் காப்பி எதுவும் இதோடு ஆகாது காக்கா என்று வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் ஒரே குரலில் சொல்லிவிடுகிறேன். சிலர் கூரையைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், காதில் விழுந்திருக்கும்.

கல்யாணம் நிச்சயமான பெண்கள் கேட்டு வரும் மெலியும் தேநீரும் பலவேளை நம் ஊர்ச் சரக்குதான். இந்த மாவட்டத்துக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளையும் நிலாவரை இலை மூட்டையாக வெளியே போகிறது, அழகான பைகளில் திரும்பி வருகிறது. அது பேதி இலை. மெலிவது கொழுப்பல்ல, போவது தண்ணீர். மருமகளுக்குக் கிழவி சொல்லியிருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். சாயல்குடிக் கருப்பட்டி சுகர்காரர்களுக்கு ஆகும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான் அசைய மறுக்கிறது. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சீனிச்சத்தே. நல்ல கருப்பட்டி கிடைத்தால் எனக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும், கையில் காசு ஓடாது. அப்போது முதலில் வெட்டுப்படுவது அலமாரி டப்பா என்று நினைப்பீர்கள். இல்லை. மாத்திரைதான் வெட்டுப்படுகிறது. காலை ஒன்று, இரவு ஒன்று என்று இருந்த சுகர் மாத்திரையை ஒன்றாக்குவார்கள். பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குவார்கள். குறைந்ததை ஈடுகட்ட வெந்தயத் தண்ணீரும் ஆவாரம்பூக் கஷாயமும் கூடும். இழுப்பறையில் எந்த அட்டை தேங்குகிறது என்பதை வைத்தே எனக்கு இது தெரியும். அதனால் தடைக்காலம் தொடங்கும் முன்பே படகுக்காரர் வீடுகளிலிருந்து வருகிறவர்களிடம் விசாரித்துவிடுகிறேன்: மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் பதிந்துவிட்டீர்களா? 2021இலிருந்து அரசு இந்த இரண்டு மாத்திரைகளையும் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது, துணைச் சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும். முதலாளி காக்கா ஒருநாள் இதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"நம் வியாபாரத்தை நீயே அனுப்பி வைக்கிறாயே."

"மாத்திரையில் நமக்கு என்ன காக்கா கிடைக்கிறது? நீங்களே சொன்னதுதானே."

அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சரி, மீன் எண்ணெயை மட்டும் குறை சொல்லாதே என்று போய்விட்டார். அதற்கு நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.