மெத்தூசலாவின் 969 ஆண்டுகளை நான் எப்படி வாசிக்கிறேன்

ஆதியாகமத்தின் ஐந்தாம் அதிகாரம் ஆதாமிலிருந்து நோவா வரை பத்துத் தலைமுறைகளை வரிசைப்படுத்துகிறது. ஆதாம் 930 ஆண்டுகள், சேத் 912, ஏனோஸ் 905, கேனான் 910, மகலாலெயேல் 895, யாரேத் 962, ஏனோக்கு 365, மெத்தூசலா 969, லாமேக்கு 777. நோவாவின் 950 ஆண்டுகளை ஒன்பதாம் அதிகாரத்தின் கடைசி வசனம் சொல்லி முடிக்கிறது. சபையில் வேதபாடம் நடத்தும் எவரும் இந்த அதிகாரத்தை எட்டும்போது, யாராவது ஒருவர் கையை உயர்த்தி, "இது நிஜமா?" என்று கேட்பதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் விடையை இங்கே எழுதிவைக்கிறேன். நான் வேதத்தைத் தேவனுடைய வார்த்தையாக ஏற்கிறவன். இந்த எண்கள் அந்த மனிதர்களின் உடல் கண்ட வயதைக் குறிப்பவை அல்ல என்று கருதுகிறவனும் கூட. இந்த முடிவுக்கு என்னை முதலில் கொண்டுவந்தது வேதத்தின் வசனங்களே.

விஞ்ஞானத்தின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆவணங்களால் உறுதி செய்யப்பட்ட மிக நீண்ட ஆயுள், 1997ஆம் ஆண்டு பிரான்சின் ஆர்ல் நகரில் இறந்த ழான் கல்மான் என்னும் பெண்மணியுடையது; 122 ஆண்டுகளும் 164 நாட்களும். அகழாய்வில் கிடைக்கும் எலும்புகளிலும் பற்களிலும் வயதின் சுவடுகள் பதிந்திருக்கின்றன. மனிதனுக்குப் பால்பற்கள் விழுந்தபின் ஒரே ஒரு தொகுதிப் பற்களே முளைக்கின்றன. கல்லில் அரைத்த தானியத்தை உண்டு வாழ்ந்த பழங்கால மக்களின் பற்கள் நடுவயதிலேயே பெரிதும் தேய்ந்துவிட்டதைக் காண்கிறோம். எட்டு நூற்றாண்டு, ஒன்பது நூற்றாண்டு மென்ற பற்களைக் கொண்ட தாடை எங்கும் கிடைத்ததில்லை. இருந்தாலும், "தேவனால் கூடாதது உண்டோ?" என்று கேட்கும் ஒருவருக்கு இது விடையாகாது என்பதை நான் அறிவேன். ஆகவே வேதத்துக்கே திரும்புவோம்.

ஆபிரகாமுக்குத் தொண்ணூற்றொன்பது வயதானபோது தேவன் அவனுக்குச் சாராள் மூலம் ஒரு குமாரனை வாக்களிக்கிறார். ஆபிரகாம் முகங்குப்புற விழுந்து நகைக்கிறான். நூறு வயதானவனுக்குப் பிள்ளை பிறக்குமோ என்று தன் உள்ளத்தில் சொல்லிக்கொள்கிறான். பதினேழாம் அதிகாரத்தின் இந்தக் காட்சியைப் பதினோராம் அதிகாரத்தின் எண்களோடு சேர்த்து வைத்துக் கூட்டிப் பாருங்கள். நமது தமிழ் வேதாகமம் பின்பற்றும் எபிரெய பாடத்தின்படி (அதாவது எபிரெயக் கைப்படிகளில் உள்ள மூல வாசகத்தின்படி), ஜலப்பிரளயத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அர்பக்சாத் பிறக்கிறான். அங்கிருந்து ஆபிரகாமின் தகப்பன் தேராகின் எழுபதாம் வயது வரை கூட்டினால் ஆபிரகாம் பிறப்பது பிரளயத்துக்குப் பின் 292ஆம் ஆண்டில். நோவா பிரளயத்துக்குப் பின் 350 ஆண்டுகள் உயிரோடிருந்தான் என்பதால், அவன் இறக்கும்போது ஆபிரகாமுக்கு 58 வயது. நோவாவின் மகன் சேமோ பிரளயத்துக்குப் பின் 502ஆம் ஆண்டு வரை வாழ்கிறான். அதாவது ஆபிரகாம் நகைத்த அந்த நாளில் அவன் உயிரோடு இருந்தான். அந்தச் சேம் தன் மகன் அர்பக்சாத்தைப் பெற்றது எத்தனையாவது வயதில்? சரியாக நூறாவது வயதில். தன் சொந்த முன்னோன், நூறு வயதில் தகப்பனானவன், அதற்குப் பின்னும் குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றவன், உயிரோடு இருக்கும்போது, நூறு வயதில் தகப்பனாவதை நடக்கவே முடியாத காரியமாக ஆபிரகாம் எண்ணியிருக்க முடியுமா? எண்களை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் அந்த நகைப்புக்கும், அதிலிருந்து ஈசாக்கு பெற்ற பெயருக்கும், அந்த வாக்குத்தத்தத்தின் அற்புதத்துக்கும் பொருளே இல்லாமல் போய்விடுகிறது.

இன்னும் ஒன்று. ஆபிரகாம் 175 வயதில், நல்ல முதிர்வயதில், பூரண ஆயுசுள்ளவனாய் இறந்தான் என்று இருபத்தைந்தாம் அதிகாரம் கூறுகிறது. கூட்டிப் பார்த்தால், அவன் அடக்கம் செய்யப்பட்ட நாளில் சேமுக்கு 565 வயது, சேமின் கொள்ளுப்பேரன் ஏபேருக்கு 400 வயது; இருவருமே அவனுக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். இந்தக் கணக்கின் விளைவாகவே, ஆபிரகாமை ஆசீர்வதித்த சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்கு உண்மையில் சேம்தான் என்னும் பழைய யூத விளக்கம் தோன்றியது. கணக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் ஆதியாகமத்தின் கதையில் ஆபிரகாமைச் சுற்றி நோவாவோ சேமோ ஏபேரோ ஒருமுறைகூடத் தலைகாட்டுவதில்லை. கதை சொன்னவர் அவர்களை மிகத் தொலைவான காலத்து மனிதர்களாகவே கருதினார் என்பது என் துணிபு.

வேதத்தின் பிற்பகுதிகளுக்கு வந்தால் நாம் அறிந்த மனித ஆயுளே தென்படுகிறது. மோசேயின் ஜெபம் என்று தலைப்பிடப்பட்ட 90ஆம் சங்கீதம் நம் ஆயுசு நாட்களை எழுபது என்றும், பெலன் மிகுந்தால் எண்பது என்றும் அளவிடுகிறது. தாவீது முப்பது வயதில் ராஜாவாகி நாற்பது ஆண்டுகள் அரசாண்டான். எழுபதில் இறந்த அவனை நாளாகம ஆசிரியர் நல்ல முதிர்வயதும் பூரண ஆயுசும் உள்ளவன் என்கிறார். எசேக்கியா இறந்தது 54 வயதில், யோசியா 39இல். இந்த எண்கள் அரண்மனைக் குறிப்பேடுகளிலிருந்து வந்தவை போல ஒழுங்கற்று, இயல்பாக இருக்கின்றன.

ஐந்தாம் அதிகாரத்தின் எண்களோ இயல்பாக இல்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் மகனைப் பெற்ற வயது, அதற்குப் பின் வாழ்ந்த காலம், மொத்த ஆயுள் என மூன்று எண்கள் உள்ளன. அவற்றின் கடைசி இலக்கங்களை எடுத்துப் பார்த்தால் 0, 2, 5, 7 ஆகியவையும், மெத்தூசலாவின் 969இல் மட்டும் 9உம் வருகின்றன. 1, 3, 4, 6, 8 ஒரு இடத்திலும் இல்லை. உண்மையான பிறப்பு இறப்புக் கணக்குகள் இப்படி அமைவதில்லை. பெரும்பாலான எண்கள் ஐந்தின் மடங்குகள். மற்றவை ஐந்தின் மடங்கோடு ஏழு, அல்லது இருமுறை ஏழு, கூட்டப்பட்டவை. காயீனின் வழியில் வந்த வேறொரு லாமேக்கு எழுபத்தேழு பழியைப் பற்றிப் பெருமை பேசுகிறான். சேத்தின் வழியில் வந்த லாமேக்கு 777 ஆண்டுகள் வாழ்கிறான். ஏழாம் தலைமுறையான ஏனோக்கின் 365, சூரிய ஆண்டின் நாட்களின் எண்ணிக்கை. முற்பிதாக்களிடமும் இதே கைவண்ணம் தொடர்கிறது. ஆபிரகாமின் 175 என்பது ஏழை ஐந்தின் வர்க்கத்தால் பெருக்கியது. ஈசாக்கின் 180 ஐந்தை ஆறின் வர்க்கத்தால் பெருக்கியது. யாக்கோபின் 147 மூன்றை ஏழின் வர்க்கத்தால் பெருக்கியது. யோசேப்பின் 110 அந்த மூன்று வர்க்கங்களின் கூட்டுத்தொகை. எகிப்தில் வாழ்ந்து இறந்த யோசேப்புக்குக் கிடைத்த அந்த 110 ஆண்டுகள், எகிப்தியர் தங்கள் எழுத்துகளில் நிறைவான வாழ்வின் அளவாகப் போற்றிய எண் என்பதும் தற்செயலாக இராது. இந்த எண்களை அடுக்கிய மனிதருக்குக் கணிதம் நன்றாகத் தெரிந்திருந்தது. அவரை அறியாமையுள்ளவராகப் பார்ப்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது.

வேதத்தின் பழைய பாடங்களும் இந்த எண்களில் ஒத்துப்போகவில்லை. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, பல தலைமுறைகளில் மகன் பிறந்த வயதோடு நூறைக் கூட்டுகிறது. ஆதாமுக்குச் சேத் பிறந்தது எபிரெயத்தில் 130 வயதில், கிரேக்கத்தில் 230இல். படைப்பிலிருந்து பிரளயம் வரை எபிரெய பாடத்தில் 1656 ஆண்டுகள், சமாரியர் காத்துவந்த மோசேயின் ஐந்து ஆகமங்களின் படியில் 1307, கிரேக்கத்தின் பழைய படிகளில் 2242. எபிரெயக் கணக்கில் மெத்தூசலா பிரளயம் வந்த அதே ஆண்டில் இறக்கிறான். சமாரியக் கணக்கில் யாரேத், மெத்தூசலா, லாமேக்கு மூவருமே அந்த ஆண்டில் இறக்கிறார்கள். அந்தக் கிரேக்கப் படிகளிலோ மெத்தூசலா பிரளயத்துக்குப் பின்னும் 14 ஆண்டுகள் உயிரோடிருக்கிறான்; பேழையில் ஏறியவர்கள் எட்டுப்பேர் மட்டுமே என்பதால் இது திருச்சபைப் பிதாக்களைத் திகைக்கச் செய்தது. நீண்ட ஆயுளை நேர்ப்பொருளிலேயே நம்பிய அகுஸ்தீன்கூட, படியெடுத்தவரின் பிழை என்று சொல்லியே இந்தச் சிக்கலிலிருந்து வெளியேறினார். எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டும் என்பவரிடம் நான் மரியாதையோடு கேட்பது, எந்தப் பாடத்தின் எழுத்தை என்பதே.

நேர்ப்பொருளைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லப்படும் சமாதானங்கள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "அந்தக் காலத்தில் மாதத்தையே ஆண்டு என்றார்கள்" என்பது அடிக்கடி காதில் விழுவது. பன்னிரண்டால் வகுத்தால் மெத்தூசலாவின் ஆயுள் சுமார் எண்பதாகி அழகாகப் பொருந்துகிறது. ஆனால் 65இல் தகப்பனான ஏனோக்கு ஐந்து வயதிலும், 29இல் தகப்பனான, ஆபிரகாமின் பாட்டன் நாகோர் இரண்டரை வயதுக்குள்ளும் பிள்ளை பெற்றதாகிவிடும். பிரளயக் கதையே இரண்டாம் மாதம், ஏழாம் மாதம், பத்தாம் மாதம் என்று எண்ணிச் செல்வதால், அந்த ஆசிரியரின் ஆண்டில் பல மாதங்கள் இருந்தன என்பது வெளிப்படை. பிரளயத்துக்கு முன் வானத்தைச் சுற்றி இருந்த நீராவிப் படலம் மனிதரைக் காத்தது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். பூமியை மூழ்கடிக்கும் அளவுக்கு நீராவி மேலே நின்றிருந்தால் அதன் அழுத்தத்திலும் வெப்பத்திலும் கீழே உயிர் தரித்திராது. அந்தப் படலம் போனபின் பிறந்த ஏபேர் 464 ஆண்டுகள் வாழ்ந்ததற்கும் அது விடை தராது.

சரியான வெளிச்சம் மெசொப்பொத்தாமியாவிலிருந்து வருகிறது என்று நான் எண்ணுகிறேன். ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ கி.மு. 1800ஐச் சேர்ந்த களிமண் பட்டகம் ஒன்றில் சுமேரிய அரசர் பட்டியல் பொறிக்கப்பட்டிருக்கிறது. எரிது நகரில் ராஜரிகம் வானத்திலிருந்து இறங்கியபோது அலுலிம் 28,800 ஆண்டுகள் ஆண்டான். அடுத்தவன் 36,000 ஆண்டுகள். இவை 3,600இன் மடங்குகள். அறுபதை அடியாகக் கொண்டு எண்ணிய மக்களின் பெரிய அலகு அது. எட்டு அரசர்களுக்கு 241,200 ஆண்டுகள். பிறகு பிரளயம். அதன்பின் ஆட்சிக்காலங்கள் ஆயிரங்களாகவும் நூறுகளாகவும் சுருங்கி, கில்கமேஷுக்கு 126 ஆண்டுகளாகி, கடைசியில் சாதாரண மனித அளவுக்கு வந்து சேர்கின்றன. பிரளயத்துக்கு முன் பேரெண்கள், பின் படிப்படியான சரிவு என்னும் இதே வடிவம் ஆதியாகமத்திலும் இருக்கிறது. ஆதிகாலத்தை எழுதும்போது அந்நாட்டார் எண்களை மாண்பின் அளவாகப் பயன்படுத்தினார்கள்; வாசித்தவர்களும் அப்படியே புரிந்துகொண்டிருப்பார்கள்.

இந்த ஒப்பீட்டால் வேதம் சிறுமைப்படுகிறது என்று அஞ்சுவோர் உண்டு. எனக்கோ இங்கேதான் அதன் தனிக்குரல் கேட்கிறது. சுமேரியப் பட்டியலில் வருபவர்கள் எல்லாரும் அரசர்கள். ஆதியாகமத்தின் பட்டியலில் கிரீடம் அணிந்தவர் ஒருவரும் இல்லை. பிள்ளை பெற்றார்கள், வாழ்ந்தார்கள் என்பதற்கு மேல் பெரும்பாலோரைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. பல்லாயிரம் என்னும் எண்கள் வெட்டிச் சுருக்கப்பட்டிருக்கின்றன. ஒருவரும் ஆயிரத்தைத் தொடவில்லை. ஆயிரம் ஆண்டுகள் தேவனுக்கு ஒரு நாளைப் போல என்று 90ஆம் சங்கீதம் சொல்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யூபிலிகள் என்னும் யூத நூல் இதை அப்படியே ஆதாமுக்குப் பொருத்தி, அவன் ஆயிரத்துக்கு எழுபது ஆண்டுகள் குறைவாக வாழ்ந்ததால், கனியைப் புசித்த அந்த நாளுக்குள்ளேயே இறந்தான் என்று விளக்குகிறது. ஏனோக்கு ஒருவனைத் தவிர மற்ற ஒவ்வொருவருடைய கணக்கும் "அவன் மரித்தான்" என்றே முடிகிறது. எத்தனை பெரிய எண்ணைக் கொடுத்தாலும் அந்த முடிவு மாறுவதில்லை. ஏதேனில் சொல்லப்பட்ட தீர்ப்பு தலைமுறை தலைமுறையாக நிறைவேறுவதைக் காட்டும் அதிகாரம் இது. தேவனோடு சஞ்சரித்த ஒருவனிடம் மட்டும் அந்த ஓட்டம் தடைபடுகிறது.

"இதை நேர்ப்பொருளில் எடுக்காவிட்டால் உயிர்த்தெழுதலையும் அப்படித்தானே சொல்வீர்கள்?" என்னும் கேள்வி எப்போதும் பின்னாலேயே வரும். அதைக் கேட்பவர்களின் பயம் நேர்மையானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. லூக்கா தன் மூன்றாம் அதிகாரத்தைத் திபேரியுவின் பதினைந்தாம் ஆண்டு, பொந்தியு பிலாத்து தேசாதிபதி என்று தொடங்குகிறார். வெளியார் எழுதிய வரலாற்றோடும் கல்வெட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கத் தம்மை ஒப்புக்கொடுக்கும் எழுத்து அது. அதே அதிகாரத்தில் இயேசுவின் வம்சவரிசை மெத்தூசலா, ஏனோக்கு வழியாக ஆதாம் வரை போகிறது. அங்கே ஒருவருடைய ஆயுளும் குறிக்கப்படவில்லை. அர்பக்சாத்துக்கும் சாலாவுக்கும் இடையே, நமது ஆதியாகமத்தில் இல்லாத ஒரு காயினான், கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ளபடியே வருகிறான். பதினோராம் அதிகாரத்தின் தலைமுறைக் கணக்கு தமக்குக் கிடைத்த பாடத்துக்கும் எபிரெயத்துக்கும் இடையே வேறுபட்டது லூக்காவுக்குத் தடையாக இருக்கவில்லை. தாம் விசாரித்து எழுத வந்த காரியத்தை, சாட்சிகளின் பெயரோடும் ஊரின் பெயரோடும், கல்லறை வரையிலும் அதற்கு அப்பாலும் அவர் எழுதி முடித்தார். வகுப்பில் கேட்பவர்களுக்கு நான் ஆதியாகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தையும் லூக்காவின் மூன்றாம் அதிகாரத்தையும் அருகருகே திறந்து வைத்து வாசிக்கச் சொல்கிறேன்.