பாமணியாற்றைப் பிடித்துக்கொண்டு

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. முத்துப்பேட்டைக்கு வடக்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் உள்ள ஒரு சின்ன ஊரில் அத்தை தனியாக இருந்தார். சர்க்கரைக்குத் தினமும் இன்சுலின் போடுகிறவர். மருந்து தீரப்போகிறது என்று முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தார். அதற்கப்புறம் லைன் கிடைக்கவில்லை.

நீடாமங்கலத்திலிருந்து நானும் பெரியப்பாவும் மருந்தோடு பைக்கில் கிளம்பினோம். பெரியப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகு ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் கரையைச் சுற்றி வருவதுமாகவே அவருடைய வேலைக்காலம் போனது.

மன்னார்குடி வரை சமாளித்துவிட்டோம். அதற்குத் தெற்கே ரோடு எது, தோப்பு எது என்றே தெரியவில்லை. அந்தப் புயலில் விழுந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். போனில் ஜிபிஎஸ் வேலை செய்தது, அதற்கு செயற்கைக்கோள் போதும். ஆனால் டவர் இல்லாமல் வரைபடம் இறங்கவில்லை. வெற்றுத் திரையில் நீலப் புள்ளி மட்டும் நின்றது. எதிரே வந்தவர்களிடம் வழி கேட்டோம். "ரெட்டைப் புளியமரம் தாண்டி, டிரான்ஸ்பார்மர்கிட்ட திரும்புங்க" என்றார்கள், பாவம். புளியமரமும் இல்லை, டிரான்ஸ்பார்மரும் இல்லை.

"ரோட்ட விடு தம்பி. ஆத்தப் புடிச்சுப் போவோம்" என்றார் பெரியப்பா.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஆறு பிரியும் இடமான மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது. பாமணியாறு மன்னார்குடி வழியாகத் தெற்கே இறங்கி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் போய்ச் சேர்கிறது. ஆகவே கரையை விடாமல் தண்ணீர் ஓடும் பக்கமே போனால் திசை தப்பாது. சிக்கல் என்னவென்றால், டெல்டாவில் ஆறும் வாய்க்காலும் வடிகாலும் பின்னிக் கிடக்கும். மழைத் தண்ணீர் நிறைந்து நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பெரியப்பா நடந்துகொண்டே சொல்லித் தந்தார். பாசன வாய்க்கால் வயலைவிட மேட்டில் வரும். கிளை பிரியப் பிரியச் சிறுத்துக்கொண்டே போகும். வடிகால் வயலைவிடப் பள்ளத்தில் கிடக்கும். வயல் தண்ணீர் விழ விழ அகலமாகும். தெரியாமல் வடிகாலைப் பிடித்துவிட்டால் ஊர்களைத் தொடாமலே நம்மை உப்பளத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்.

தண்ணீர் போகும் பக்கம் முகத்தை வைத்து நின்றால் வலது கை வலது கரை. ஒவ்வொரு மதகும் எந்தக் கரையில், எந்த ஊர் வயலுக்குப் பாய்வது என்பது அவருக்கு மனப்பாடம். கரையிலும் மரங்கள் விழுந்து கிடந்ததால் பைக்கை ஒரு வீட்டில் விட்டுவிட்டு நடந்தோம். அத்தை ஊர் மதகு வந்ததும் ஆற்றை விட்டு இறங்கி, அதன் வாய்க்காலோடு போனோம். இருட்டுவதற்குள் சேர்ந்துவிட்டோம். அத்தை பள்ளிக்கூடக் கட்டடத்தில் அக்கம்பக்கத்தாரோடு பத்திரமாக இருந்தார். முதலில் சாப்பிட வைத்து, ஊசி போட்டோம்.

வழி தவறினால் கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்கு நேராக வைத்துத் தெற்கு பார்க்கச் சொல்லும் குறிப்புகளை இப்போதும் பலர் பகிர்கிறார்கள். அது குளிர்நாடுகளுக்கான முறை. நமக்குச் சித்திரையிலிருந்து ஆடி வரை உச்சிவேளைச் சூரியன் வடக்கே நிற்கும். மற்ற மாதங்களிலும் கணக்கு நிறையத் தப்பும். தயவுசெய்து அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

பாமணியாற்று மதகுப் பெயர்களைப் பெரியப்பா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கோரையாற்றில் அவர் வேலை பார்த்ததில்லை. அந்தப் பக்கம் லஸ்கராக இருந்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். எந்தக் கரை என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.