72-இல் ஒரு பங்கு சேத்தக்

மூர் மார்க்கெட்டில் மீன் தொட்டிக் கடைகளைத் தாண்டிப் போனால், பழைய பொம்மைகளைக் குவித்து வைத்திருக்கும் கடை ஒன்று உண்டு. அங்கேதான் கிடைத்தது அந்த மூடியில்லாத பெட்டி. உள்ளே அலூவெட் 3 ஹெலிகாப்டரின் பிளாஸ்டிக் மாதிரி. அசலில் 72-இல் ஒரு பங்கு. மேல் இறக்கைகளைக் காணோம். ஆளைத் தூக்கும் வின்ச்சும் இல்லை. “குறை சொல்லாமல் எடுத்துக்கொள்வதானால் 150 ரூபாய்” என்றார் கடைக்காரர்.

எடுத்துக்கொண்டேன். நான் பல்லாவரத்தில் வளர்ந்தவன். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் கடலோரக் காவல்படை சேத்தக்கைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். 1959-இல் பிரான்சில் முதலில் பறந்த அலூவெட் 3-ஐ, உரிமம் பெற்று ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் இங்கே தயாரித்தபோது அதற்கு வைத்த பெயர்தான் சேத்தக். ஒரே என்ஜின், அதுவும் மூடியில்லாமல் முதுகில் திறந்து கிடக்கும். அதை நம்பிக் கடலுக்கு மேல் போக எனக்குத் தைரியம் வராது.

உதிரி பாகம் தேடி இரண்டு சனிக்கிழமைகள் பாரிமுனையில் அலைந்ததுதான் மிச்சம். சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தேன். அசல் சுழலியின் விட்டம் 11.02 மீட்டர். 72-ஆல் வகுத்தால் 153 மில்லிமீட்டர். ஓர் இறக்கைக்கு ஏறக்குறைய 76. காலாவதியான ஏ.டி.எம். கார்டின் நீளம் 85! எண்கள் புடைத்திருந்த வரியை விட்டுவிட்டு மூன்று பட்டைகள் வெட்டினேன். உப்புத்தாளால் தேய்த்து முன் விளிம்பை உருட்டி, பின் விளிம்பைச் சன்னமாக்கி, ஃபெவிக்விக் வைத்து ஒட்டினேன்.

கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெரியவர் கடற்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். சுழலியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். “தம்பி, இது பிரெஞ்சு வம்சம். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் பக்கம் சுற்றும். நீங்கள் அமெரிக்கக்காரன் மாதிரி ஒட்டியிருக்கிறீர்கள்.”

மூன்றையும் பிய்த்துக் குப்புறப் புரட்டி ஒட்ட வேண்டியதாயிற்று. ஒன்று ஒடிந்தது. மனைவியின் பழைய கார்டும் பலியானது.

வின்ச் சுலபம். பேனா ரீஃபில் துண்டு உருளையாயிற்று. இற்றுப்போன சார்ஜர் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை கம்பிவடம். ஸ்டேப்ளர் பின்னை வளைத்தால் கொக்கி. இடப்பக்கக் கதவுக்கு மேலே பொருத்தி, நீலம் பூசிய பலகைக்கு மேல் ஹெலிகாப்டரை நிறுத்தினேன். கொக்கி கடலுக்கு ஒரு விரற்கடை மேலே அந்தரத்தில் தொங்கியது. பார்க்க அழகாகவே இருந்தது.

பெரியவருக்கு அதுவும் ஆகவில்லை. பறக்கும்போது ஹெலிகாப்டரின் உடம்பில் மின்னேற்றம் சேர்ந்துவிடுமாம். கொக்கி முதலில் தண்ணீரைத் தொட்டு அதை இறக்கிவிட வேண்டும். அதற்கு முன்பே கீழே இருப்பவர் ஆவலில் பிடித்தால் ஷாக் அடிக்கும். “தத்தளிக்கிறவன் கை சும்மா இருக்குமா? அதனால்தான் நாங்கள் தண்ணீர் வரைக்கும் விடுவோம்” என்றார்.

வேறு இழை உருவி, நீளமாக விட்டேன். கொக்கி பலகையைத் தொட்ட இடத்தில் ஒரு சொட்டு ஃபெவிக்விக். காய்ந்ததும் அதைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, சிற்றலை எழும்பியதுபோல் நிற்கிறது.