முன்னே உப்பு நீர், கடைசியில் ஆன்டிபயாடிக்

என் மகளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நுரையீரலில் சளி கெட்டியாகி அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய். குழந்தையாக இருந்தபோது முத்தமிட்டால் உதட்டில் உப்புக் கரிக்கும். ஆனாலும் வியர்வையில் உப்பை அளந்து இந்த நோயைக் கண்டுபிடிக்கும் வியர்வைப் பரிசோதனை வரை போக இரண்டு வருடம் ஆனது, அதுவரை ஆஸ்துமா என்றே மருந்து கொடுத்தார்கள், நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

காலை ஆறு மணிக்கு, மருந்தை மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர் சத்தம் தொடங்கிவிடும். முதலில் சால்பியூட்டமால், மூச்சுக்குழாய் விரிய. அடுத்து 7 சதவீத உப்பு நீர், அது மூச்சுக்குழாய்க்குள் தண்ணீரை இழுத்து, கோந்து மாதிரி ஒட்டிக் கிடக்கும் சளியை இளக்கும். அப்புறம் அவளை மடியில் சாய்த்து, உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவித்து முதுகிலும் விலாவிலும் தட்டுவேன். கை தட்டையாக விழுந்தால் 'பளார்' என்று கேட்கும், பிள்ளைக்கு வலிக்கும். குவிந்து விழுந்தால் 'டொப்'.

இருமிச் சளியைத் துப்பிய பிறகுதான் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக். இந்த வரிசையை மாற்றாதீர்கள், சளி அடைத்திருந்தால் மருந்து, நுரையீரலில் தொற்றும் சூடோமோனாஸ் கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேராது.

2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரிகாஃப்டா என்ற மருந்து, இந்த நோய்க்கு மூலகாரணமான, பழுதான சிஎஃப்டிஆர் புரதத்தையே வேலை செய்ய வைக்கிறது. எல்லா மரபணு மாற்றங்களுக்கும் அது பலிக்காது. விலையோ அறிமுகத்திலேயே ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். நம் பிள்ளைகளுக்கும் அது எட்டும் விலையில் கிடைத்தே ஆக வேண்டும்.

சரி, ஒன்று மறந்துவிட்டேன்: நெபுலைசர் குப்பியை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, காற்றில் நன்றாக உலரவிடுங்கள். ஈரத்தில்தான் அந்த சூடோமோனாஸ் கிருமி வளரும்.