இருட்டுக்கு லென்ஸ், வெயிலுக்கு ஃபிளாஷ்

பயணத் தேதி முடிவானதும் என் தம்பி தொலைபேசியில் கேட்டான்: "அக்கா, கையில் இருக்கும் பணத்துக்கு லென்ஸோ ஃபிளாஷோ ஒன்றுதான் வாங்க முடியும். போன முறை இரவில் எடுத்த படமெல்லாம் கலங்கிப்போய்விட்டது. ஃபிளாஷ் வாங்கிவிடட்டுமா?"

இருட்டில் கலங்குகிறது என்றால் லென்ஸ் வாங்கு, உச்சிவெயிலில் முகம் கறுக்கிறது என்றால் ஃபிளாஷ் வாங்கு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நான் தலைகீழாகச் சொல்லிவிட்டதாக நினைத்திருப்பான். இருட்டில் வெளிச்சம் போடத்தானே ஃபிளாஷ் என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். பயணத்தில் படம் எடுப்பவர்களுக்கு இந்த எண்ணம் எவ்வளவு படங்களைக் கெடுக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அதனால் அவனிடம் சொன்னதைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 மி.மீ. ஜூமை எடுத்துக்கொள்வோம். 55-க்கு இழுத்தால் அதன் அப்பெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, பெரும்பாலும் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). எஃப்/1.8 வரை திறக்கும் ஒரு சின்ன பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஜூமை 18-இல் வைத்து எஃப்/3.5-க்குத் திறந்தாலும் வித்தியாசம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. சாதாரண விளக்கு எரியும் ஓர் அறையில், ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் திறன்) 1600 வைத்து எஃப்/5.6-இல் எடுத்தால் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/15 விநாடி அளவில் நிற்கும். அதே அறை, அதே ஐஎஸ்ஓ, எஃப்/1.8 என்றால் 1/160. பேசிக்கொண்டிருப்பவரின் உதடும் கையும் 1/15-இல் கரைந்துபோகும். 1/160-இல் நின்று கொடுக்கும். லென்ஸில் இருக்கும் அதிர்வு தடுப்பு நம் கை நடுக்கத்தை மட்டுமே தாங்கும். எதிரில் இருப்பவர் தலையைத் திருப்பினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. தம்பியின் படங்கள் கலங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஃபிளாஷும் அந்தக் கலக்கத்தை நிறுத்தும், இல்லையென்று சொல்லவில்லை. அதன் ஒளி பெரும்பாலும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலோ அதற்கும் குறைவாகவோ மின்னி அணைவதால் அசைவு உறைந்துவிடும். ஆனால் அப்போது படத்தில் விழுவது அந்த அறையின் ஒளி அல்ல, நாம் பையில் சுமந்து சென்ற ஒளி. எந்த ஊருக்குப் போனாலும் அது ஒரே மாதிரி வெள்ளையாக, ஒரே திசையிலிருந்து, தட்டையாக விழும். அவ்வளவு தூரம் போனதே அந்த இடத்தின் வெளிச்சத்தைப் பார்க்கத்தானே?

ஒரு பயணத்தில், தெருவோரத்துச் சிறிய பட்டறை ஒன்றில் புத்தகம் தைக்கும் முதியவரைப் பார்த்தேன். மேசைக்கு மேல் ஒரே ஒரு குண்டு பல்பு, அதுவும் இடப்பக்கம் தாழ்வாகத் தொங்கியது. ஊசியை இழுக்கும்போது நூல் முழுக்க ஒரு கணம் பொன்னாக மின்னும். கை திரும்பியதும் அணைந்துவிடும். விரல் முட்டிகளின் நிழல் தாள் அடுக்கின் மேல் விழுந்து, அவர் குத்துகிற ஒவ்வொரு துளையிலும் நின்று நகர்ந்தது. அனுமதி கேட்டேன், தலையசைத்தார். 35 மி.மீ. லென்ஸை எஃப்/2-க்குத் திறந்து, ஐஎஸ்ஓ 1600-இல், 1/125-இல் எடுத்தேன். முதல் சில படங்களில் அவர் தோள் விறைப்பாக இருக்கிறது. பிறகு என்னை மறந்துவிட்டார். நூல் மின்னும் அந்தக் கணம் அதற்குப் பின்னால்தான் கிடைத்தது. ஃபிளாஷ் அடித்திருந்தால் நூலும் நிழலும் ஒரே வெண்மையில் அழிந்திருக்கும். அவரும் ஒவ்வொரு மின்னலுக்கும் நிமிர்ந்து பார்த்திருப்பார். முன்பின் தெரியாத மனிதர்களிடம் ஃபிளாஷ் நமக்கு ஒரு படம் தரும். சத்தமில்லாத, வெளிச்சம் அடிக்காத கேமரா அவர்களோடு அரைமணி நேரம் தரும். எனக்கு அந்த அரைமணி நேரம்தான் வேண்டும்.

ஃபிளாஷை நான் வெறுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1887-இல் ஜெர்மனியில் மெக்னீசியம் கலந்த ஃபிளாஷ் பொடி வந்தது. நியூயார்க்கின் ஏழைகள் குடியிருந்த நெரிசலான இருண்ட அறைகளைப் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் அந்தப் பொடியின் வெளிச்சத்தில்தான் உலகுக்குக் காட்டினார். அந்தக் காலத்தில் படம் பதிந்த கண்ணாடித் தகடுகள் ஒளியை மெதுவாகவே உள்வாங்கியதால் வேறு வழியே இல்லை. பிற்காலத்தில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஃபிளாஷை ஒதுக்கிவிட்டு, பெரும்பாலும் ஒரு லைகா கேமராவும் 50 மி.மீ. லென்ஸுமாகவே நாடு நாடாகச் சுற்றினார். இன்றைய சென்சார்களில் ஐஎஸ்ஓ 3200, 6400-கூட துணிந்து வைக்கலாம். ரீஸுக்கு இருந்த கட்டாயம் நமக்கு இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஃபிளாஷின் ஒளி வெகுதூரம் போகாது. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். 3 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான் 30 மீட்டரில் இருக்கும் சுவருக்குப் போய்ச் சேரும். ஒளியூட்டப்பட்ட கோபுரத்தையோ பாலத்தையோ நோக்கி இரவில் ஃபிளாஷ் அடிப்பதால் முன்னால் நிற்பவரின் பின்னந்தலைதான் பளிச்சென்று விழும். அந்தக் காட்சிக்கு லென்ஸும் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். கைப்பிடிச் சுவரில் கேமராவை வைத்து, இரண்டு விநாடி டைமரில் விட்டுவிட்டு விலகி நின்றால் போதும். ஜன்னல் கண்ணாடி வழியே ஃபிளாஷ் அடித்தால் அதன் ஒளி திரும்பி வந்து விழும். தூசியிலும் மழைத்தூறலிலும் வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறும். பல அருங்காட்சியகங்களில் ஃபிளாஷுக்கு அனுமதியே கிடையாது.

சரி, வெயிலுக்கு வருவோம். இங்கேதான் ஃபிளாஷ் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது.

பயணத்தில் நாம் விரும்பிய நேரத்தில் விரும்பிய இடத்தில் இருப்பதில்லை. கடற்கரைக்கோ மலை உச்சிக்கோ போய்ச் சேரும்போது பெரும்பாலும் சூரியன் நடுத்தலையில் இருக்கும். அம்மாவுக்கு அகல விளிம்புத் தொப்பி போடும் வழக்கம். உச்சிவெயிலில் எடுத்தால் தொப்பியின் நிழல் மூக்குவரை இறங்கிவிடும். கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்தான் தெரியும். முகத்துக்கு ஏற்றபடி ஒளியைக் கூட்டினால் கடலும் வானமும் வெளிறிப்போகும். எஃப்/1.8 லென்ஸால் இதற்கு ஒரு பயனும் இல்லை. இங்கே ஒளிக்குப் பஞ்சமில்லை, ஒளி தவறான இடத்திலிருந்து வருகிறது என்பதே சிக்கல்.

நான் செய்வது இது. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200, அப்பெர்ச்சர் எஃப்/11. கடலும் வானமும் சரியாக விழும் அளவு இது. பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகம் 1/200, 1/250 அளவில்தான் இருக்கும் என்பதால் ஷட்டரை அதற்கு மேல் ஏற்றுவதில்லை. பிறகு ஃபிளாஷின் அளவை ஒரு ஸ்டாப்புக்குச் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) சற்றுக் கூடுதலாகக் குறைத்துவிடுவேன். இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து அடித்தால் தொப்பியின் நிழல் மறையாமலே மெலிந்துவிடும். கண்ணில் ஒரு சிறு ஒளிப்புள்ளி வந்து உட்காரும். அந்தப் புள்ளி வந்ததும் முகத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. அம்மா அந்தப் படத்தைத் திரையில் பார்த்துவிட்டு, "என் கண் தெரிகிறதே" என்றார். ஃபிளாஷ் அடித்த தடமே படத்தில் இல்லை. ஃபிளாஷ் மிக நன்றாக வேலை செய்த படங்களில் அது இருந்ததே பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

இதில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஃபிளாஷின் வலிமையைக் கைடு நம்பர் என்று குறிப்பிடுகிறார்கள். அதை அப்பெர்ச்சர் எண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் தூரம் கிடைக்கும். கைடு நம்பர் 36 என்றால், ஐஎஸ்ஓ 100-இல் எஃப்/4-க்கு 9 மீட்டர். எஃப்/11-க்கு 3 மீட்டரைச் சற்றே தாண்டும். கேமராவிலேயே பொருத்தி வரும் சிறு ஃபிளாஷின் கைடு நம்பர் பல மாடல்களில் 12 அளவில்தான். உச்சிவெயிலில் அது ஒரு மீட்டரைத்தான் தாண்டும். அளவைக் குறைத்து நிழலை மெலிதாக்க மட்டும் பயன்படுத்தினால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல்வரை இழுக்கலாம். அதுவும் ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். உங்கள் கேமராவில் அது இருந்தால் தனி ஃபிளாஷ் வாங்கும் முன் வெயிலில் அதைப் பயன்படுத்திப் பாருங்கள். லென்ஸின் முனையில் மாட்டும் ஹூட்டை மட்டும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தின் கீழ்ப்பகுதியில் அரைவட்டமாக ஒரு நிழல் விழும்.

இரவிலும் ஃபிளாஷுக்கு ஓர் இடம் உண்டு, அதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சூரியன் மறைந்து, வானத்தில் இன்னும் நீலம் மிச்சமிருக்கும் நேரத்தில், ஒளிரும் நகரத்தின் முன்னால் ஒருவர் நிற்கிறார். நகரம் வெளிச்சம், முகம் இருட்டு. வெயிலில் இருந்த அதே சிக்கல்தான் வேறு உடையில் வருகிறது. ஷட்டரை 1/30-க்கு இறக்கி நகரத்தை உள்ளே வரவிட்டு, ஃபிளாஷைக் குறைத்து அடிக்க வேண்டும். ஃபிளாஷின் ஒளி ஏறக்குறைய 5500 கெல்வின், பகல் வெளிச்சத்தின் நிறம். குண்டு பல்பின் ஒளி 2800 கெல்வினை ஒட்டியது; இந்த எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். எனவே ஃபிளாஷின் மேல் ஆரஞ்சு நிற ஜெல் தாளை ஒட்டாவிட்டால் மஞ்சள் விளக்குகளுக்கு நடுவே முகம் மட்டும் நீலம் பாரித்துப்போகும்.

அறைக்குள் உட்கூரையில் திருப்பி அடித்தால் ஒளி மென்மையாகுமே என்பார்கள். ஆகும், கூரை தாழ்வாகவும் வெள்ளையாகவும் இருந்தால். கண்ணாடி அணிந்த அப்பாவை அப்படி எடுக்கும்போது கண்ணாடியில் பளீரென்ற வெள்ளைத் திட்டு விழாது. ஆனால் பயணத்தில் நாம் போய் நிற்கும் இடங்களில் கூரை மரமாக இருக்கும், கல்லாக இருக்கும், பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும், அல்லது வானமாகவே இருக்கும்.

லென்ஸ் என்று முடிவுசெய்தால் எது என்பதும் முக்கியம். ஒரேயடியாக 18-லிருந்து 200, 300 வரை இழுக்கும் ஜூம்களில் பல, நீள முனையில் எஃப்/6.3-க்குக்கூட இறங்கிவிடும். தூரத்தில் இருப்பது அருகே வரும். ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் அது பைக்குள்தான் கிடக்கும். ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் உள்ள கேமரா என்றால் 50 மி.மீ. லென்ஸ் 75 அல்லது 80 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். சின்ன அறைக்குள் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும். அதனால் அந்த வகைக் கேமராவுக்கு 35 மி.மீ. எஃப்/1.8-ஐயே சொல்வேன். நிக்கானின் அப்படிப்பட்ட டிஎக்ஸ் (ஏபிஎஸ்-சிக்கான) லென்ஸ் ஒன்று 2009-இலேயே வந்துவிட்டது, எடை 200 கிராம். ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சார் என்றால் 50 மி.மீ. நன்றாகவே பொருந்தும், 2015-இல் வந்த கேனனின் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம் 160 கிராம்தான். நடுத்தர ஃபிளாஷ் ஒன்று பேட்டரி இல்லாமலே 300 கிராமை ஒட்டும். நான்கு ஏஏ பேட்டரிகளும், மாற்றுக்கு இன்னொரு நான்கும், சார்ஜரும் சேர்ந்தால் நாள் முழுக்க நடப்பவரின் தோளுக்குத் தெரியும்.

லென்ஸைக் கையில் வாங்கியதும் எப்போதும் எஃப்/1.8-இலேயே எடுக்கும் ஆசை வரும். 1 மீட்டர் தூரத்தில், 35 மி.மீ. லென்ஸில், ஏபிஎஸ்-சி சென்சாரில், அந்த அளவில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 5 செ.மீ. தான். கண் தெளிவாக இருந்தால் காது மங்கும். இருவர் இருந்தால் எஃப்/2.8-க்கு மூடுங்கள், ஐஎஸ்ஓவை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளலாம்.

தம்பியிடம் கடைசியாக ஒரு வேலை கொடுத்தேன். "போன பயணத்தில் மனதுக்கு ஒப்பாமல் ஒதுக்கிய படங்களை எடுத்து வை. ஷட்டர் வேகம் 1/60-க்குக் கீழே போய்க் கலங்கியவை ஒரு பக்கம். பின்னணி நன்றாக இருந்து முகம் மட்டும் இருண்டவை இன்னொரு பக்கம்" என்றேன். மாலையில் அழைத்தான். முதல் குவியல்தான் பெரிது, இரண்டாவதில் எல்லாமே குழந்தை தொப்பியோடு நிற்கும் படங்கள் என்றான்.

அவன் 35 மி.மீ. வாங்குகிறான். குழந்தையின் தொப்பிக்கு இப்போதைக்குக் கேமராவில் இருக்கும் சிறு ஃபிளாஷ் போதும். ஒரு மீட்டர் நெருக்கத்தில் அவளை எடுக்க அவனுக்குத் தடையேதும் இல்லை. அடுத்த வருடம் தனி ஃபிளாஷ் வாங்குவதாக இருந்தால், பெரியது வேண்டாம், தலை மேலும் பக்கவாட்டிலும் திரும்புவதாகவும் அளவைக் கையால் வைக்க முடிவதாகவும் பார்த்து எடு என்று சொல்லியிருக்கிறேன்.